முப்பதுக்கு மேல் போகாத ஐந்நூறு மைல்

“ஐந்நூறு மைல் சார். அதுவரைக்கும் முள்ளு முப்பதைத் தாண்டக் கூடாது. தாண்டினீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிடும்” என்றார் மெக்கானிக்.

“நீங்க என்ன, கூடவா வரப் போறீங்க? எப்படித் தெரியும்?”

“ஆயிலை வடிக்கிறப்ப அது சொல்லிடும்.”

அன்றிலிருந்து என் காரின் ஆயில் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. நான் செய்வதையெல்லாம் பின்னால் உட்கார்ந்து கவனித்துக்கொண்டே வந்து, ஒருநாள் மொத்தமாகக் கோள் சொல்லப் போகிற ஆளிடம் யாருக்குத்தான் மரியாதை வராது?

கார் ஜெர்மன் கார். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப்போனது, எப்படியோ மலையிறங்கி ஸ்ரீரங்கத்துக்கு என்னிடம் வந்து சேர்ந்தது. முதுகு வளைந்து மூக்கு சரிந்திருக்கும். எங்கள் தெருவில் அதற்கு ஆமை என்று பெயர். இன்ஜின் பின்னால், சாமான் வைக்கும் இடம் முன்னால். ரேடியேட்டர் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பின் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக மெல்லிய பிளவுகள் இருக்கும். உள்ளே சுற்றும் காற்றாடி அந்தப் பிளவுகள் வழியாக வெளிக்காற்றை இழுத்து இன்ஜின் மேல் வீசும். அவ்வளவுதான் அதன் குளிர்ச்சி ஏற்பாடு. இதை நம்புவதற்குத் திருச்சி ஜில்லாவில் ஒருவரும் தயாராக இல்லை. டோல்கேட் டீக்கடைக்காரர் நான் வண்டியை நிறுத்தினால் டீ போடுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு வருவார். “வேண்டாங்க, இது காத்துல ஓடுற இன்ஜின்” என்பேன். “சரிங்க, அப்பக் கொஞ்சமா ஊத்தறேன்” என்பார்.

நான் பம்புசெட் வியாபாரி. ஜீயபுரத்திலிருந்து தொட்டியம் வரை காவிரியின் இரண்டு கரையிலும் வாழைக்கும் நெல்லுக்கும் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின்களை விற்பேன். விற்றதோடு விடமாட்டேன். அவ்வப்போது போய், “இன்ஜினைக் குழந்தை மாதிரி பாத்துக்கணுங்க, ஏதாவது மாறினா உடனே நிறுத்திடணுங்க” என்று பிரசங்கமும் செய்வேன். அப்படிப்பட்ட நான்தான், முந்தின வருஷம் சித்திரை வெயிலில், காற்றாடியைச் சுற்றும் பெல்ட் அறுந்து சிவப்பு விளக்கு எரிந்தபோது, அதைப் பார்த்துக்கொண்டே ஜீயபுரத்திலிருந்து நாலு மைல் ஓட்டினேன். விளக்கு பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாலாவது மைலில் ஒரு கிறீச். அப்புறம் காற்றில் வாழை இலை அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும்தான். என்னிடம் பம்புசெட் வாங்கின ஒருவரே மாட்டைப் பூட்டி வண்டியைச் சாலையோரம் இழுத்து விட்டார். “குழந்தையை நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்க” என்று மட்டும் சொன்னார்.

உள்ளே சிலிண்டரும் அதில் ஏறி இறங்கும் பிஸ்டனும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பம்பாய்க்குக் கடிதம் போட்டு, பம்பாய்க்காரர் கடல் தாண்டிக் கடிதம் போட்டு, ஏழு மாதம் கழித்து நாலு சிலிண்டரும் நாலு பிஸ்டனும் வைக்கோல் அடைத்த பெட்டியில் வந்தன. கூடவே ஒரு சீட்டு: இந்த ரகம் இனி வராது, இதுவே கடைசி. ஆக, இந்தத் தடவையும் நான் கெடுத்துவைத்தால் ஆமை அத்தோடு சரி.

அதற்கும் ஒருவர் தயாராக இருந்தார். என் மனைவியின் அண்ணன். தொட்டியத்தில் வாழைத் தோட்டக்காரர். மாட்டுவண்டி தவிர எந்த வண்டியையும் நம்பாதவர். “ஓடலேன்னா என்கிட்ட தள்ளிவிடுங்க மாப்ளே. கோழிக்கூண்டுக்குத் தோதா இருக்கு. ஜன்னல்கூட இருக்கு, கோழிக்குக் காத்து வரும்” என்று போன தடவை வந்தபோதே அளவெடுத்துவிட்டுப் போயிருந்தார்.

மெக்கானிக்கின் தகரக் கொட்டகை மன்னார்புரத்தில் இருந்தது. யுத்த காலத்தில் பட்டாளத்தோடு எகிப்துப் பக்கம் போய், ஜெர்மன்காரர்கள் விட்டுவிட்டு ஓடின இதே ரக வண்டிகளைப் பாலைவனத்தில் பழுது பார்த்தவர். அதனால்தான் தண்ணீரில்லாத இன்ஜினைக் கண்டு பயப்படாத ஒரே ஆளாகத் திருச்சியில் இருந்தார். பேச்சு ரொம்பக் குறைவு. ஐந்நூறு மைல் எதற்கு என்று கேட்டதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொன்னார்.

“புதுச் செருப்பு மாதிரி சார். முதல்ல கடிக்கும். மெதுவா நடந்து பழக்கணும். முதல் நாளே ஓட ஆரம்பிச்சா காலும் போச்சு, செருப்பும் போச்சு. ஒரே வேகத்துலயும் போகாதீங்க, ஏத்தி இறக்கிப் போங்க. மேடு வந்தா கியரைக் குறைங்க. சந்தேகமா இருந்தா ஆயில் அளக்கிற குச்சியை உருவி விரல்ல பிடிச்சுப் பாருங்க. பிடிக்க முடிஞ்சா போகலாம். முடியலேன்னா நிறுத்திடணும்.”

இப்படியாக நான் முப்பது மைல் வேகத்தில் உலகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். காவிரிப் பாலத்து இறக்கத்தில் வாழைத்தார் கட்டின சைக்கிள் ஒன்று என்னைத் தாண்டிப் போயிற்று. தாண்டினவர் திரும்பிப் பார்த்து, “ஏங்க, பஞ்சரா?” என்று கேட்டார். டவுன் பஸ் டிரைவர்கள் பின்னால் வந்து ஹாரன் அடித்து ஓய்ந்துபோய், கடைசியில் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தாண்ட ஆரம்பித்தார்கள். ஊர்வலம் என்று நினைத்து ஒரு கிழவர் மொட்டைக் கோபுரத்தடியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றதாக என் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அது பொய். துண்டு தோளில்தான் இருந்தது.

வேகம் குறைந்ததால் காது கூர்மையாகிவிட்டது. அதுதான் பெரிய தொல்லை. இருநூற்றுப் பத்தாவது மைலில் பின்னால் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஓட்டினால் கேட்கும், நின்றால் கேட்காது. எனக்கு வியர்த்துவிட்டது. அப்படியே மன்னார்புரத்துக்குத் திருப்பினேன். வழியெல்லாம் வால்வு, பேரிங், கிராங்க் என்று எனக்குத் தெரிந்த ஒவ்வொரு பாகத்துக்கும் மனதுக்குள் இரங்கல் கூட்டம் நடத்தினேன். மெக்கானிக் நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பது போலத்தான். பின் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு, என் மதிய சாப்பாட்டுத் தூக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். அதன் மூடிதான் ‘டிக் டிக்’ என்று ஆடிக்கொண்டிருந்தது.

“இதுக்கு வாஷர் என்கிட்ட இல்ல சார்” என்றார்.

நானூற்று முப்பத்திரண்டாவது மைலில் ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜையன்று தொட்டியத்தில் எனக்கு வேலை உண்டு. என்னிடம் பம்புசெட் வாங்கினவர்கள் கிணற்றடியில் இன்ஜினுக்குப் பொட்டு வைத்துப் படைத்துவிட்டு, நான் வந்து பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்று காத்திருப்பார்கள். போக முப்பத்து நாலு மைல், வர முப்பத்து நாலு. சரியாக ஐந்நூறு. கோயிலில் நேர்த்திக்கடன் முடிக்கப் போகிறவனைப் போல இருந்தேன். பூஜைச் சாமான் வாங்க ஸ்ரீரங்கம் வந்திருந்த மச்சானும் எங்களோடு ஊருக்குத் திரும்புவதாக ஏற்பாடு. ஆமையில் போவதற்கு அவர் எப்படி ஒப்புக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. கூண்டை உள்ளிருந்தும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நினைத்திருப்பார்.

காலையில் காரைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. மாலையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனேன்.

“அங்க எதுக்குங்க கட்டறீங்க? அங்க என்ன இருக்கு?” என்றாள் மனைவி.

“சாமான் வைக்கிற இடம்.”

“சாமான் வைக்கிற இடத்துக்கு யாராவது மாலை போடுவாங்களா? பூஜை இன்ஜினுக்குத்தானே?”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏழெட்டு வருஷமாக நான் ஊருக்கெல்லாம் விளக்கியதைப் புரிந்துகொண்ட முதல் ஜீவன் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

“ஊர்ல எல்லாரும் முன்னாடிதானே போடறாங்க?” என்றார் மச்சான்.

“ஊர்ல எல்லாருக்கும் இன்ஜின் முன்னாடி இருக்கு மச்சான்” என்று ஆரம்பித்து, ஜெர்மன்காரர்கள் ஏன் இன்ஜினைப் பின்னால் வைத்தார்கள், காற்று எப்படி உள்ளே போகிறது, எப்படி வெளியே வருகிறது என்று கால் மணி நேரம் விளக்கினேன். விளக்கிக்கொண்டே, சம்பங்கியும் அரளியும் ரோஜாவும் வைத்துக் கல்யாண மாப்பிள்ளைக்குக் கட்டுவது போலக் கட்டிய, கைப் பருமனுள்ள மாலையைப் பின் கண்ணாடிக்குக் கீழே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை என் கையாலேயே இழுத்துக் கட்டினேன். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. ஒரு பிளவுகூட வெளியே தெரியவில்லை.

கொள்ளிடம் பாலம் தாண்டி, வடகரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். முள் இருபத்தெட்டில் இருந்தது. மனைவி முன்னால், மச்சான் மடியில் பூசணிக்காயோடு பின்னால்.

“மாப்ளே, கோயில் வாசனை வருது” என்றார் மச்சான்.

“பூ வாசனைதான் அண்ணா. நல்ல சகுனம்” என்றாள் மனைவி.

குணசீலம் தாண்டியதும் வாசனை மாறியது. பூவை வேகவைத்தது போல ஆயிற்று. இன்னும் இரண்டு மைல் போனதும், வேகவைத்த பூவை வாணலியில் போட்டு எண்ணெய் ஊற்றித் தாளித்தது போல ஆயிற்று. சிவப்பு விளக்கைப் பார்த்தேன், எரியவில்லை. இந்தத் தடவை விளக்குகூட எனக்குச் சொல்லாமல் சதி செய்கிறது என்று தோன்றியது. வண்டி இழுவை குறைந்து, காலுக்குக் கீழே தயங்கியது. முசிறி இன்னும் வரவில்லை. வாய்க்கால் ஓரமாக நிறுத்தினேன்.

இதற்குப் பிறகு நான் செய்த எதையும் என் பம்புசெட் வாடிக்கையாளர்கள் படிக்காமலிருக்க வேண்டும்.

“இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!” என்று கத்திக்கொண்டே முதலில் நான் இறங்கி ஓடினேன். மனைவி இறங்கிவிட்டாள். அந்தக் காரில் பின் சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது. முன் சீட்டை மடித்தால்தான் வெளியே வரலாம். அதை மடிக்க வேண்டியவன் நான்.

“மாப்ளே! எனக்குக் கதவு எங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

யார் கவனித்தார்கள்? பின்மூடியைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. ஆயில் குச்சியை உருவினேன். விரலில் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் அல்லவா? பிடித்தேன். அடுத்த கணம் குச்சி கோரைப்புல்லுக்குள் எங்கோ போய் விழுந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு குச்சியைத் தேடினேன். தேடுவதை விட்டுவிட்டு இன்ஜினிடம் ஓடினேன். மறுபடியும் புல்லிடம் ஓடினேன். ஏழு மாதம் வைக்கோலில் பயணம் செய்து வந்த கடைசி நாலு சிலிண்டரும் என் கண்ணெதிரே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்ற நினைப்பைத் தவிர என் மண்டையில் ஒன்றும் இல்லை. அப்போது என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது.

“தண்ணி! யாராவது தண்ணி கொண்டாங்க!”

ஆமாம், நான்தான். டீக்கடை வாளியை வருஷக்கணக்காகத் தடுத்து நிறுத்திய அதே நான். சூடான அலுமினியத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்துப் பிளந்துவிடும் என்று மேடை போடாத குறையாகப் பேசியவன்.

வாய்க்கால் கரையில் வாழை இலை அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், பாவம், அரிவாளைப் போட்டுவிட்டுக் குடம் நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு ஓடிவந்தார். இன்ஜின் அருகில் வந்து, குடத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க என்னைக் கேட்டார்:

“எங்கங்க ஊத்தறது?”

நான் குனிந்து இடம் தேடினேன். உண்மையாகவே தேடினேன். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். மூடி இல்லை, குழாய் இல்லை, தண்ணீர் ஊற்றுவதற்கென்று ஒரு துவாரமும் இல்லை. அவர் குடத்தைச் சாய்த்தபடியே பொறுமையாக நின்றார். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. குடத்தை வாங்கி என் தலையில் ஊற்றிக்கொண்டேன்.

“அது சரி” என்று சொல்லிவிட்டுக் குடத்தை வாங்கிக்கொண்டு அவர் இலை அறுக்கப் போய்விட்டார்.

“என்னங்க, இங்க வாங்க” என்று மனைவி கூப்பிட்டாள். அவள் மாலையை அவிழ்த்திருந்தாள். வெளியே பார்க்க வாடாத மாலை; உள்பக்கம் இதழெல்லாம் பிளவுகளில் ஒட்டி உறிஞ்சப்பட்டு, பல்வரிசை போலத் தடம் விழுந்திருந்தது. பாதிப் பூ உள்ளேயே போயிருந்தது. “மூச்சு விடுற இடத்துலயா கட்டினோம்?” என்றாள். கட்டினோம் என்று பன்மையில் சொன்னாளே, அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன். காற்று உள்ளே போகும் வழியைக் கால் மணி நேரம் விளக்கிக்கொண்டே அந்த வழியை அடைத்தவன் நான் ஒருவன்தான்.

மச்சானை விடுவித்தோம். அவர் பூசணிக்காயைக் கீழே வைத்து, வேட்டியை உதறி, இன்ஜினைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஈரத் தலையைப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

புளியமரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சூடு ஆற ஆற, மனைவி தன் கொண்டை ஊசியை வளைத்து, கைக்கு எட்டிய இடங்களிலிருந்தெல்லாம் கருகிய இதழ்களை ஒவ்வொன்றாக இழுத்தாள். மச்சான் ஆயில் குச்சியைத் தேடிக் கண்டுபிடித்தார். நான் மட்டும் ஒன்றும் செய்யவில்லை. கையில் பிடிபடும் சூடு வந்ததும் பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். கப்பி சுற்றினால் இன்ஜின் பிழைத்தது. சுற்றாவிட்டால் கோழி. அதைச் செய்துபார்க்கத் தைரியமில்லாமல், இன்னும் கொஞ்சம் ஆறட்டும், இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஆறி அவலாப் போச்சு மாப்ளே. இழுங்க” என்றார் மச்சான்.

இழுத்தேன். அசையவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மச்சானும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து ஒரு கை பிடித்தார். முனகிக்கொண்டு அரைச் சுற்று வந்தது. அப்புறம் ஒரு முழுச் சுற்று. நான் அழுதேன் என்று மனைவி சொல்கிறாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியிருக்கும்.

கிளம்பினோம். இருபதிலேயே போய், தொட்டியத்தில் பூசணிக்காய்களை உடைத்து, பிரசங்கம் எதுவும் செய்யாமல், பொழுது சாய்வதற்குள் ஸ்ரீரங்கம் திரும்பினோம். வண்டி ஓடத்தான் ஓடியது. ஆனால் பின்னால் நீலப் புகை விட்டுக்கொண்டே ஓடியது. இதற்கு முன்பு இந்தப் புகை கிடையாது.

மறுநாள் மன்னார்புரத்துக்குப் போகும் வழியில் ஒரு பொய் தயார் செய்தேன். நல்ல பொய்தான். மெக்கானிக் ஆயிலை வெள்ளைப் பீங்கான் தட்டில் வடித்து, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். விரலில் தேய்த்தார். மோந்தார். நான் தகரக் கூரையில் ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“இரும்புச் செதில் இல்ல. ஆனா நல்லாக் காய்ஞ்சிருக்கு” என்றார்.

“வெயில் அதிகம்” என்று ஆரம்பித்தேன்.

அவர் காற்றாடிக் கூட்டைக் கழற்றி உள்ளே கையை விட்டு, பொரித்த அப்பளம் போலிருந்த ஒரு முழுச் சம்பங்கிப் பூவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“இது ஜெர்மன் பார்ட்டா சார்?”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குடத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டதைக்கூட. அவர் சிரிக்கவில்லை. இன்ஜினைக் கையால் சுற்றி, நாலு சிலிண்டரும் எவ்வளவு எதிர்க்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். “மூணு நல்லா எதிர்க்குது. ஒண்ணு மட்டும் சோம்பலா இருக்கு. பிஸ்டனைச் சுத்தியிருக்கிற ரிங் சரியா உட்காரல. அதான் புகை.”

“கழட்டணுமா?”

“கழட்டிட்டு எதைப் போடறது? ஓட்டித்தான் உட்கார வைக்கணும். வேகமா ஓட்டணும். ஐம்பது.”

புது ஆயில் ஊற்றி, வால்வு இடைவெளி சரிசெய்து, அவர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். புதுக்கோட்டை ரோட்டில் திரும்பினோம். முப்பது வந்தது. என் கால் தானாக மேலே எழும்பியது.

“அழுத்துங்க சார்.”

“முப்பது ஆயிடுச்சே.”

“அழுத்துங்க. இல்லேன்னா நான் அழுத்துவேன்.”

முப்பத்தைந்து. நாற்பது. அந்த இன்ஜினில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்த கை வழுக்கியது. நாற்பத்தைந்தில், “ஏதோ ஆடுது, ஏதோ ஆடுது” என்று கத்தினேன்.

“உங்க முட்டி சார்.”

ஐம்பது. விமான நிலையம் இடது பக்கமோ வலது பக்கமோ எங்கோ போயிற்று; நான் பார்க்கவில்லை. அவர் சொல்லச் சொல்லக் காலை எடுத்து, மறுபடி அழுத்தி, எடுத்து, அழுத்தி, இப்படியே எட்டு மைல். அவர் தலையை வெளியே நீட்டிப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நீலப் புகை முதலில் தடியாக வந்தது, பிறகு மெல்லியதாக, பிறகு நான் காலை அழுத்தும்போது மட்டும் ஒரு இழை. பிறகு அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார்.

“என்ன ஆச்சு?”

“புகை போயிடுச்சு. உட்கார்ந்திடுச்சு சார். இனிமே அது உங்க காலம் வரைக்கும் ஓடும். திருப்புங்க, போகலாம்.”

திருப்பினேன். மனசு லேசாகிவிட்டது. காற்று முகத்தில் அடிக்க, மச்சானுக்கு என்ன எழுதலாம், எந்த வார்த்தையில் ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் மெக்கானிக் முள்ளை எட்டிப் பார்த்தார். இருபத்தெட்டில் நின்றுகொண்டிருந்தது.

“சார்,” என்றார், “கொட்டகையில கொஞ்சம் அவசர வேலை இருக்கு. நான் இறங்கி நடந்தே போயிடட்டுமா?”